ஈசல் எந்தக் கட்டத்தில்?

வணக்கம் ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்பு இரண்டையும் சேர்த்து எடுக்கிறேன். உயிரினங்களை வகைப்படுத்தும் பாடத்துக்காக சார்ட் பேப்பரில் பறப்பன, நடப்பன, நீந்துவன, ஊர்வன என்று நாலு கட்டம் போட்டு, படங்களை வெட்டி ஒட்டச் சொன்னேன். கோழியை இரண்டு கட்டத்தில் ஒட்டினார்கள், வாத்தை மூன்றில். அதைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், ஈசல் சாயங்காலம் பறப்பன, ராத்திரி றெக்கை உதிர்ந்ததும் ஊர்வனவா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை.

இந்த வயதுக்கு இந்தப் பாடம் சீக்கிரமா? முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பற்றவை என்று பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டுப் போவதே மேலா? தொல்காப்பியம் சொல்லும் ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான பகுப்பை அறிவியல் வகுப்பில் சொல்லலாமா? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். என் பெயரும் ஊரும் வேண்டாம்.

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

சிரித்த பிள்ளைகளை விடுங்கள், கேட்ட பையனைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் கேள்வியில் குறும்பு இருக்கலாம், தப்பு இல்லை. நீங்கள் போட்ட நாலு கட்டமும் பிராணிகள் என்ன செய்கின்றன என்பதை வைத்துப் போட்டவை. செய்வது மாறும். காலையில் நடக்கிற வாத்து மத்தியானம் நீந்தும். உடம்பு அப்படி நேரத்துக்கு நேரம் மாறாது.

பறப்பன கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். காகம், கொசு, வௌவால், ஈசல் நான்கும் அதில் வந்து உட்காரும். ஒரே பஸ்ஸில் ஏறியவர்களை எல்லாம் ஒரே குடும்பம் என்று எழுதி வைப்பது மாதிரிதான் அது. ஒரு பிராணி பறக்கும் என்று மட்டும் தெரிந்தால் அதைப் பற்றி வேறென்ன சொல்ல முடியும்? முட்டையிடுமா? காகம் இடும், வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும். எலும்பு உண்டா? கொசுவுக்குக் கிடையாது. கால் எத்தனை? ஒன்றுமே சொல்ல முடியாது.

இப்போது கேள்வியை மாற்றி, "இறகு இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மடமடவென்று மற்றதெல்லாம் வந்துவிடும். அலகு இருக்கும், பல் இருக்காது, கால் இரண்டு, முட்டை ஓட்டோடு வரும், உடம்பு சூடாக இருக்கும். பெங்குவினை டிவியில்கூடப் பார்த்திராத பிள்ளையிடம், "அது பறக்காது, கடலில் நீந்தும், ஆனால் உடம்பு முழுக்க இறகு" என்று சொல்லிப் பாருங்கள். முட்டையிடுமா என்று கேட்டால் யோசிக்காமல் தலையாட்டும். வகைப்படுத்துவதால் ஆகிற காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒன்றைத் தெரிந்துகொண்டால் தெரியாத பத்தை ஊகிக்க முடிய வேண்டும். அப்படி ஊகிக்க வைக்காத கட்டம் வெறும் கட்டம்.

இந்த முறையில் ஈசலைப் பார்ப்போம். மழை பெய்த ராத்திரிக்கு மறுநாள் காலை, வராந்தா ட்யூப் லைட்டுக்குக் கீழே றெக்கைகள் குவிந்து கிடக்கும். துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளை ஆளுக்கு நாலு றெக்கை பொறுக்கச் சொல்லுங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நீளம். றெக்கை முளைத்த எறும்பு ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு முன் றெக்கை பெரிது, பின் றெக்கை சிறிது. எறும்புக்கு இடுப்பு ஒடிந்துவிழும்போல இருக்கும், ஈசலுக்கு இடுப்பே தெரியாது. எறும்பின் உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும், ஈசலுடையது மணி கோத்ததுபோல நேராக நீளும். றெக்கையோடு பறக்கும்போதும், உதிர்த்துவிட்டு ஊரும்போதும் அதற்குக் கால் ஆறுதான். ஆகவே பையனுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது: ஈசல் பூச்சி, சாயங்காலமும் பூச்சி, ராத்திரியும் பூச்சி. புற்றுக்குள் இருக்கிற கரையானின் பிள்ளைதான் அது. கூடவே இதையும் சொல்லுங்கள்: கரையானுக்கு நெருங்கிய சொந்தம் எறும்பு இல்லை, கரப்பான்பூச்சி. வகுப்பு மறுபடி சிரிக்கும்.

சீக்கிரமா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கென்றால் ஆமாம் என்பேன். ஜான் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் செய்து பார்த்த ஒரு சோதனை இருக்கிறது. 1959-ல் அவர்கள் வெளியிட்ட நூலில் வருவது. அதை நம் ஊர்ப் பூக்களை வைத்துச் செய்துபார்க்கலாம். ஏழு செம்பருத்தி, மூன்று நந்தியாவட்டை. "செம்பருத்தி அதிகமா, பூ அதிகமா?" என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளை பெரும்பாலும் "செம்பருத்தி" என்றுதான் சொல்லும். எண்ணத் தெரியாமல் இல்லை. செம்பருத்தியைப் பிரித்துப் பார்த்த மனசு, அதுவும் பூவுக்குள் அடக்கம் என்பதை அதே நேரத்தில் பிடித்துவைத்துக்கொள்ள இன்னும் பழகவில்லை. அந்தப் பிள்ளையிடம் போய், காகம் பறவை, பறவை முதுகெலும்புள்ளது, முதுகெலும்புள்ளது விலங்கு என்று அடுக்கினால் ஒப்பிக்கும், அவ்வளவுதான். எட்டு வயது வாக்கில் இது பிடிபடத் தொடங்கும். உங்கள் பிள்ளைகள் ஒன்பது, பத்து வயதுக்காரர்கள். தாராளமாக நடத்தலாம்.

ஆனால் கட்டத்தை முதலில் நீங்கள் போடாதீர்கள். படங்களைக் கலைத்துப் போட்டு, "ரெண்டாகப் பிரி, ஏன் பிரித்தாய் என்று சொல்" என்று விட்டுவிடுங்கள். கடிக்கிறது, கடிக்காதது என்பார்கள். எங்கள் வீட்டில் இருப்பது, இல்லாதது என்பார்கள். இருக்கட்டும். ஒரே ஒரு விதி போதும்: ஒரு படம் ஒரு பக்கத்தில்தான் இருக்கலாம். அந்த விதிக்கு நிற்காத காரணங்களை அவர்களே சண்டை போட்டுக் கழித்துக்கட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் கால் எண்ணும் இடத்துக்கு வந்துசேர்ந்துவிடுவார்கள். பூச்சி ஆறு, சிலந்தி எட்டு. தேளுக்குக் கொடுக்கிகளையும் சேர்த்துப் பத்து என்பார்கள், அதைப் பேசித் தீர்க்க ஒரு பீரியட் போகும். போகட்டும். பூரானுக்கு உடம்பில் வளையம் வளையமாகத் தெரிகிற கண்டம் ஒன்றுக்கு ஒரு ஜோடிக் கால், மரவட்டைக்குப் பெரும்பாலான கண்டங்களில் இரண்டு ஜோடி. மரவட்டையை ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு அடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். பூரானைப் படத்தில் காட்டினால் போதும், பிடிக்க அனுப்பிவிடாதீர்கள்.

முதுகெலும்பு விஷயத்துக்கு வருகிறேன். மனப்பாடத்துக்கே தேவையில்லாத பாடம் இது. முன்னால் குனிந்து முதுகைத் தடவிப் பார்க்கச் சொன்னால் முடிச்சு முடிச்சாகக் கையில் தட்டும். கோழிக் கழுத்தைச் சாப்பிட்ட பிள்ளைக்கு அந்த முடிச்சு என்ன என்று தெரியும். தலைமையாசிரியர் முகம் சுளிக்காதவர் என்றால் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கொண்டு போங்கள். நடுவில் கிள்ளிப் பிளந்தால் தலையிலிருந்து வால் வரை முள் ஒரே சங்கிலியாக வரும். அடுத்தது இறால். உள்ளே எவ்வளவு தேடினாலும் முள் கிடைக்காது, கெட்டியானது எல்லாம் வெளியே ஓடாக இருக்கிறது. நண்டும் அப்படித்தான். இவ்வளவும் சுலபம்.

சிக்கல் கணவாயில் வரும். மீன்கடையில் மீனோடு மீனாகக் கிடக்கும், உள்ளே வெள்ளையாக ஒரு ஓடும் இருக்கும். லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்கவிடுவார்களே, அதுதான். முதுகெலும்பு என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அதைக் கையில் கொடுங்கள். முடிச்சு இல்லை, வளையாது, நகத்தால் கீறினால் மாவாக உதிரும். அது எலும்பே இல்லை. நத்தைக்கும் சங்குக்கும் வெளியே இருக்கிற ஓடு இதற்கு உள்ளே போயிருக்கிறது. நத்தையும் கணவாயும் ஒரே கூட்டம் என்று அங்கேயே சொல்லிவிடலாம். பிறகு சுறாத் துண்டு. அதில் கெட்டி எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. ஆனால் துண்டின் நடுவே வட்டமாக ஒரு வில்லை தெரியும், அடுத்த துண்டிலும் அதே இடத்தில் தெரியும். முதுகெலும்புச் சங்கிலிதான் அது. கடித்தால் மொறுமொறு என்கிறது, ஆனாலும் முதுகெலும்புள்ளது. பெயர்ப் பட்டியலை மட்டும் படித்த பிள்ளைக்கு இந்த இரண்டும் தலைவலி. தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு இவைதான் பாடம்.

பெரியவர்களே இந்தக் கட்டங்களில் தடுமாறியிருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன்காரரான லின்னேயஸ் 1735-ல் வெளியிட்ட தன் முதல் பட்டியலில் திமிங்கிலத்தை மீன்களோடு வைத்தார். 1758-ல் வந்த பத்தாம் பதிப்பில் அதை எடுத்துப் பாலூட்டிகளில் சேர்த்தார். அதே பதிப்பில் வௌவாலைக் குரங்குகளோடும் மனிதனோடும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார், அது பிற்பாடு நிற்கவில்லை. காளானை ரொம்ப காலம் தாவரத்தோடு வைத்திருந்தார்கள். 1969-ல் விட்டேக்கர் என்ற அமெரிக்க அறிவியலாளர் உயிர்களுக்கு ஐந்து பெரும் பிரிவுகள் போட்டபோது காளானுக்குத் தனியாக ஒன்று கொடுத்தார். இன்றைக்குத் தெரிந்தபடி அது செடியைவிட நமக்குத்தான் நெருக்கம். இந்தப் பெயர்களும் வருஷங்களும் பரீட்சைக்கு வேண்டாம். கதையாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

தொல்காப்பியத்துக்கு வருகிறேன். சொல்லலாம், ஆனால் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். அறிவுப் பகுப்பை உயிரியல் பாடமாக நடத்தாதீர்கள். சிதலும் எறும்பும் மூவறிவின என்கிறது நூல். தொடுதல், சுவை, மணம் மட்டும் உண்டு, கண் இல்லை என்று பொருள். சிதல் என்கிற கரையானில் வேலைக்காரக் கரையான்களுக்குப் பெரும்பாலும் கண் கிடையாது என்பதால் அது கிட்டத்தட்டப் பொருந்தும். எறும்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண் உண்டு. அன்றைக்கு உயிர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அருமையான சான்று அது, தமிழ் வகுப்பில் வையுங்கள்.

இந்த அறிவுப் பகுப்பு வருவது தொல்காப்பியத்தின் மரபியல் என்ற இயலில். அதே இயலில் பலரும் தாண்டிப் போய்விடுகிற இன்னொரு இடம் இருக்கிறது. "புறக்காழனவே புல்லென மொழிப", "அகக்காழனவே மரமென மொழிப." வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தது புல், உள்பக்கம் வைரம் பாய்ந்தது மரம். இதன்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல். பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள். ஓட்டு வீட்டில் பனங்கை பார்த்திருந்தால் கேளுங்கள். பனையின் வெளிப்பகுதியில்தான் அறுத்திருப்பார்கள், நடுவில் இருப்பது மெத்தென்ற சோற்றுப் பகுதி. வேப்ப மரத்திலும் புளிய மரத்திலும் தலைகீழ். நடுவில்தான் வைரம்.

எனக்கு இதில் பிடித்தது அடுத்து வருவது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை இவையெல்லாம் புல்லோடு வரும், தளிர், அரும்பு, பூ போன்றவை மரத்தோடு வரும் என்று தொல்காப்பியர் தொடர்ந்து பட்டியல் தருகிறார். காழ், அதாவது வைரம், எங்கே என்று பார்த்துக்கொண்டால் மற்ற உறுப்புகள் என்னவென்று சொல்லிவிடலாம் என்பதுதானே அது? இறகைப் பார்த்து முட்டையைச் சொன்னோமே, அதே வேலை. இன்றைய தாவரவியலும் தென்னை, பனை, மூங்கில், கரும்பு, நெல் ஐந்தையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரு பக்கம் வைக்கிறது. சல்லி வேர், இணையாக ஓடும் இலை நரம்பு, வெட்டிப் பார்த்தால் ஆண்டு வளையம் கிடையாது. பள்ளி வளாகத்தில் ஒரு தென்னையும் ஒரு வேம்பும் இருந்தால் இந்தப் பாடத்துக்கு வேறு உபகரணமே வேண்டாம். இதை அறிவியல் வகுப்பில் தயங்காமல் சொல்லுங்கள்.

பார்வைக்கு வரும் அதிகாரி சார்ட் எங்கே என்று கேட்பார், எனக்குத் தெரியும். ஒட்டிய சார்ட்டைக் கிழிக்க வேண்டாம், தலைப்புகளை மட்டும் மாற்றுங்கள். இறகு உள்ளவை, ரோமமும் பாலும் உள்ளவை, காய்ந்த செதில் உள்ளவை, ஈரத் தோல் உள்ளவை, துடுப்பும் செவுளும் உள்ளவை. முதுகெலும்புள்ளவை ஐந்தும் வந்துவிட்டன, புத்தகத்தில் இருக்கிற பறவை, பாலூட்டி, ஊர்வன, இருவாழ்வி, மீன் என்ற பெயர்களை அடியில் எழுதிவிட்டால் பரீட்சைக்கும் ஆயிற்று. ஈசலுக்கு இந்த ஐந்திலும் இடம் இல்லை. அதற்கு இன்னொரு சார்ட் வேண்டும், ஆறு கால் என்று தலைப்புப் போட்டு. அந்தப் பையனையே வரையச் சொல்லுங்கள்.