குஞ்சு மீனின் முதல் தீனி: வாசகர் கேள்விகள்

ஃபைட்டர் மீன் குஞ்சுகள் பொரித்து மூன்று நாள் நன்றாக இருக்கின்றன. நீந்த ஆரம்பித்ததும் கொத்துக்கொத்தாகச் சாகின்றன. அவித்த முட்டை மஞ்சள் கருவைத்தான் கரைத்து ஊற்றுகிறேன். வைட்டமின் சொட்டு மருந்தும் விடலாமா? (கொளத்தூர்)

வேண்டாம். அந்த மூன்று நாளும் குஞ்சு சாப்பிட்டது தாய் கட்டிக்கொடுத்த சோறு. வயிற்றடியில் தொங்கும் மஞ்சள் கருப் பையில் வைட்டமின்களும் சேர்ந்தே இருக்கும். அது வற்றியதும் வாய்க்கு அடங்கும் அளவில் உயிருள்ள இரை வேண்டும். முதலில் இன்ஃபுசோரியா என்ற கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்கள், அப்புறம் ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால். முட்டைக் கரைசல் தண்ணீரைக் கெடுக்கும். சாவுக்கு முதல் சந்தேகம் எனக்கு அதன் மேல்தான். மஞ்சள் கருவில் வைட்டமின் ஏ உண்டு, சி கிடையாது. கோழி சி-யைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். பெரும்பாலான மீன்களுக்கு, நம்மைப் போலவே, அந்தக் கொடுப்பினை இல்லை. சி குறைந்தால் முதுகு கோணும், செவுள் மூடி சரியாக வளராது.

காலையில் பொரிக்கும் ஆர்ட்டீமியாவை ராத்திரி வரை போடலாமா? (வில்லிவாக்கம்)

பொரித்த புதிதில் போடுங்கள். அதுவும் தன் மஞ்சள் கருவைத் தின்றுதான் பிழைக்கிறது. சென்னை வெயிலில் சீக்கிரம் கரைத்துவிடும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கொடுவாக் குஞ்சுக்கு ஈஸ்ட்டில் வளர்த்த ரோட்டிஃபர் போதுமா? (மீன்வள மாணவி)

போதாது. ரோட்டிஃபர் என்ற அந்த நுண்ணிய நீர்ப்பூச்சி வெறும் பாத்திரம். அது தின்றதுதான் குஞ்சுக்குப் போகும். குளோரெல்லா பாசியில் வளர்த்ததில் சி பல மடங்கு கூடுதல். சென்னையை அடுத்த முட்டுக்காட்டு உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1997இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தார்களே, அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள், பாதி சந்தேகம் தீரும்.

கூடுதலாக வைட்டமின் ஏ கொடுக்கலாமா? (அதே மாணவி)

கூடாது. அளவு மிஞ்சினால் அதுவே எலும்பைக் கோணலாக்கும்.

முட்டையிடும் ஃபிளவர்ஹார்ன் தாய் மீனுக்குக் காசிமேட்டு மத்தியைப் பச்சையாகவே நறுக்கிப் போடுகிறேன். முட்டை பொரிக்கிறது, குஞ்சு சுழன்று சுழன்று சாகிறது. (ராயபுரம்)

மத்தி குடும்பத்து மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐ உடைத்துவிடும். தாய்க்கே பற்றாக்குறை என்றால் முட்டைக்கு என்ன மிஞ்சும்? பால்டிக் கடல் சால்மன் குஞ்சுகள் மஞ்சள் கருப் பை வற்றும் முன்பே கூட்டமாகச் செத்ததற்கும் பி1 குறைவுதான் காரணம். 1974இல் சுவீடனில் முதலில் கவனித்ததால் அதற்கு எம்74 என்று பெயர். ஃப்ரீசரில் வைத்தாலும் நொதி சாகாது, வேகவைத்தால் சாகும். மத்தியை அவித்துப் போடுங்கள். இடையில் நல்ல தீனிக் குருணையும் கொடுங்கள். அடுத்த ஈட்டில் என்ன ஆனது என்று எழுதுங்கள்.