சேற்றில் புதைந்த சக்கரம்

கேள்வி: எனக்கு வயது 41. ஒன்றரை வருடமாக எதையும் தொடங்க முடியவில்லை. வேலையை விடுவதா, தொடர்வதா என்று முடிவெடுக்க முடியவில்லை. தினமும் காலையில் ‘இன்றைக்கு எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்’ என்று நீளமாகப் பட்டியல் போடுவேன். இரவில் ஒன்றும் நடந்திருக்காது, என்னை நானே திட்டிக்கொண்டு படுப்பேன். உளவியல் ஆலோசகரிடம், ‘சேற்றில் மாட்டிய வண்டி மாதிரி இருக்கிறேன்’ என்று சொன்னேன். அவர், ‘அது எப்படிப்பட்ட சேறு? சக்கரம் எவ்வளவு புதைந்திருக்கிறது?’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மூன்று சந்திப்புகளாக இதே பேச்சு. பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு கேட்பதெல்லாம் சிகிச்சையா? மனச்சோர்வு என்று மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன், பெரிய மாற்றமில்லை. இரண்டையும் நிறுத்திவிடலாமா?

பதில்: இப்போது இரண்டையுமே நிறுத்தாதீர்கள்.

மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கான மாத்திரைகளின் முழுப் பலன் தெரிய பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதல் வரலாம். அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே போன்ற அசதியைத் தரும். இதுவரை ரத்தப் பரிசோதனை செய்யவில்லை என்றால் அதையும் கேளுங்கள்.

இனி சேற்றுக்கு வருவோம். ‘பேச்சுவாக்கில் சொன்னது’ என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனம் நின்றுபோனதைச் சொல்ல நம்மிடம் இருக்கும் வார்த்தைகளைப் பாருங்கள். ‘கையும் ஓடல, காலும் ஓடல.’ ‘ஏதோ நாளைத் தள்ளுறேன்.’ ‘முட்டுச்சந்துல நிக்கிறேன்.’ ‘செக்குமாடு மாதிரி சுத்துறேன்.’ ‘எப்பக் கரையேறுவேனோ.’ எல்லாமே நடையும் ஓட்டமும் பாரமும்தான். இவற்றை என் அறையில் அடிக்கடி கேட்கிறேன். ஒரே குறைக்குப் பல பெயர்கள் போலத்தான் காதில் விழும். ஆனால் செக்குமாடு நிற்கவே இல்லையே! பொழுதெல்லாம் நடக்கிறது, போய்ச்சேர இடம்தான் இல்லை. அப்படிச் சொல்கிறவரிடம் ‘இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க’ என்பது கொடுமை. முட்டுச்சந்தில் நிற்பவருக்குக் காலில் பலம் இருக்கிறது. திரும்பினால் இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிடுமே என்ற வேதனைதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. நாளைத் தள்ளுகிறவரிடம் நான் முதலில் கேட்பது, கூடத் தள்ள யாராவது உண்டா என்பதுதான்.

சேற்றில் மாட்டிய வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் அதே இடத்தில் சுழன்று இன்னும் ஆழமாகப் பள்ளம் பறிக்கும். முதலில் காலை எடுக்க வேண்டும். சக்கரத்தடியில் கல்லோ பலகையோ போட வேண்டும். சில சமயம் கொஞ்சம் பின்னால் எடுத்தால்தான் முன்னால் வரும். இப்போது உங்கள் காலைப் பட்டியலையும் இரவுத் திட்டையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை வருடமாக நீங்கள் ஆக்ஸிலேட்டரைத்தான் மிதித்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களைச் சோம்பேறி என்று யார் சொல்லியிருந்தாலும் அவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் இது கடிதத்தை மட்டும் படித்த என் ஊகம். உங்கள் சேறு வேறு மாதிரி இருக்கலாம். அதனால்தான் உங்கள் ஆலோசகர் விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நியூசிலாந்தில் பிறந்த டேவிட் குரோவ் என்ற உளசிகிச்சையாளர் 1980-களில் இந்தக் கேள்வி முறையை உருவாக்கினார். அதிர்ச்சிகளைக் கடந்து வந்தவர்கள் தங்கள் வலியை உருவகங்களில் சொல்வதைக் கவனித்தார். கேட்பவர் தன் கற்பனையைக் கலக்காமல், அவர்களுடைய சொல்லையே எடுத்து ‘அது எப்படிப்பட்டது? எங்கே இருக்கிறது? வேறென்ன தெரிகிறது?’ என்று கேட்பதுதான் அந்த முறை. இது எவ்வளவு முக்கியம் என்பதை நான் என் தவறில் கற்றேன். ஒருவர் ‘முன்னாடி பெரிய சுவர் நிக்குது’ என்றார். நான் அவசரப்பட்டு, அதை எப்படித் தாண்டலாம் என்று பேசத் தொடங்கிவிட்டேன். அடுத்த முறை வந்தபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: ‘அந்தச் சுவர்தான் டாக்டர் என்னைக் காப்பாத்துது.’ ஒரு வாரம் முழுக்க அவருடைய பாதுகாப்பை இடிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. உருவகத்தைப் பேசிக்கொண்டிருந்தாலே மனச்சோர்வு தீராது. அது ஒரு செயலில் வந்து இறங்க வேண்டும். 1996-இல் அமெரிக்காவில் நீல் ஜேக்கப்சன் குழுவினர் மனச்சோர்வுள்ள சுமார் 150 பேரிடம் ஒரு ஒப்பீடு செய்தார்கள். அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீட்டெடுக்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்கள், எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகவே தேறினார்கள். உற்சாகம் வந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. எழுந்து சிறிதளவு செய்யும்போது உற்சாகம் பின்னால் வந்து சேர்வதுதான் இந்த நோயில் அதிகம். மனச்சோர்வு ஆழமாகும்போது நடையும் பேச்சும் நிஜமாகவே மந்தமாகும் என்பதால், பலகை மிகச் சிறியதாக இருக்கட்டும். பத்து நிமிட நடை, ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவு போதும். வேலையை விடும் முடிவைச் சேற்றில் நின்றுகொண்டு எடுக்க வேண்டாம், அதைச் சில மாதம் தள்ளிவையுங்கள். அடுத்த சந்திப்பில் ஆலோசகரிடம், ‘இந்த வாரம் சக்கரத்தடியில் நான் எதைப் போடட்டும்?’ என்று நேராகவே கேளுங்கள். அதன் பிறகும் இரண்டு மூன்று சந்திப்புகளில் பேச்சு செயலில் இறங்காவிட்டால் வேறு ஆலோசகரைப் பார்ப்பதில் தவறில்லை.

ஒன்றை மட்டும் உருவகமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ‘போய்ச் சேந்துட்டா நல்லாருக்கும்’ என்பதும் நம் மொழியில் ஒரு பயணம்தான். யாராவது அப்படிச் சொன்னால் எங்கே, எப்படி என்று படம் வரைந்து கேட்க மாட்டேன். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்றே கேட்பேன். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைப் புதிதாக விதைக்காது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. எழுதாமல் விட்டிருந்தால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் இன்றே உங்கள் மனநல மருத்துவரிடமும் கூட இருக்கும் ஒருவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.