'பாதி கட்டினால் போதும்' என்கிறார்களே, நம்பலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. கிரெடிட் கார்டு பாக்கியைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம் என்று ஃபோனில் கூப்பிடும் செட்டில்மென்ட் கம்பெனிகள். ஓசூர் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எதில் பேசினாலும் பதில் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்களாம். வங்கியில் என் கடைசி சில வருடங்கள் வாராக்கடன் பிரிவில்தான் கழிந்தன. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஓசூர், சிப்காட் ஊழியர்: இரண்டு கார்டிலும் சேர்த்து 1,80,000 ரூபாய் பாக்கி. இதுவரை மினிமம் டியூ (மாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) தவறாமல் கட்டி வருகிறேன். ஒரு கம்பெனி, "இனி வங்கிக்கு ஒரு பைசா கட்டாதீர்கள், மாதம் 8,000 எங்களிடம் போடுங்கள், பாதியில் முடித்துத் தருகிறோம்" என்கிறது. கட்டணம் பாக்கியில் 12 சதவீதம், ஜி.எஸ்.டி. தனி. சேரலாமா?

வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

உங்கள் கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,80,000க்கு மாத வட்டி 6,300. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,134. ஆக மாதம் 7,434 ரூபாய். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் 44,604. வட்டிக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் இதில் சேரவில்லை. எப்படிப் பார்த்தாலும் பாக்கி 2,24,600ஐத் தாண்டிவிடும்.

இனி கம்பெனி பக்கம். ஆறு மாதத்தில் நீங்கள் போட்டது 48,000. அவர்கள் கட்டணம் 21,600, ஜி.எஸ்.டி. 3,888, மொத்தம் 25,488. நீங்கள் அனுப்பியிருக்கும் ஒப்பந்தத்தின்படி இதை முதலில் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பெயரில் மிஞ்சுவது 22,512. வங்கி பாதிக்குச் சம்மதித்தது என்றே வைப்போம். எதில் பாதி? அன்றைய பாக்கியில் பாதி, அதாவது சுமார் 1,12,300. செட்டில்மென்ட் தொகையை வங்கி மொத்தமாகக் கேட்கும், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று தவணை கொடுக்கும். மீதி 90,000 எங்கிருந்து வரும்? அந்த நேரத்தில்தான் "வேறு ஒரு லோன் ஏற்பாடு பண்ணித் தரட்டுமா சார்?" என்று இன்னொரு ஃபோன் வரும்.

கட்டாதீர்கள் என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? ஒழுங்காகக் கட்டும் கணக்குக்கு எந்த வங்கியும் தள்ளுபடி பேசாது. தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு அப்புறம்தான் பேரம் தொடங்கும். உங்கள் கணக்கு கெடும்வரை அவர்கள் காத்திருக்கிறார்கள், அந்தக் காத்திருப்புக்கும் உங்களிடமே காசு வாங்குகிறார்கள்.

மாதம் 8,000 உங்களால் முடியும் என்றால் வழி இருக்கிறது. இரண்டு வங்கிகளுக்கும் நீங்களே ஃபோன் செய்து, நிலுவையை இ.எம்.ஐ. ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். வருட வட்டி 18 சதவீதம் என்றால் 36 மாதத்துக்கு மாதம் சுமார் 6,500 வரும், வட்டி மேல் ஜி.எஸ்.டி. தனி. மொத்தத்தில் கம்பெனி காட்டும் தொகையைவிடக் கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் காட்டுவது எல்லாம் நினைத்தபடி நடந்தால் வரும் கணக்கு. இது உங்கள் பெயர் கெடாமல் முடியும் கணக்கு. வீட்டில் நகை இருந்தால் நகைக்கடன் வட்டி இன்னும் குறைவு. சம்பளம் நிச்சயம் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள், கார்டு கடனுக்காகத் தாலிக்கொடியை ஏலத்தில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தர்மபுரி, இல்லத்தரசி: என் கணவர் ஒரு கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. வங்கிக்காரர் ஃபோனை எடுக்காதீர்கள், எங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றார்கள். வங்கியில் பதிவான மொபைல் எண்ணையும் மெயிலையும் அவர்கள் சொன்னபடி மாற்றிக் கொடுத்துவிட்டார். இப்போது ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள். நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள்.

அம்மா, நாளைக் காலை முதல் வேலையாக உங்கள் கணவரை வங்கிக் கிளைக்கு அனுப்பி, பழைய எண்ணையும் மெயிலையும் திரும்பப் பதியச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஓ.டி.பி., ஸ்டேட்மென்ட், வக்கீல் நோட்டீஸ் எல்லாம் அந்த எண்ணுக்கும் மெயிலுக்கும்தான் போகும். பல கார்டு ஒப்பந்தங்களில், தகராறு வந்தால் நடுவர் விசாரணை என்று ஒரு வரி இருக்கும். நடுவரின் நோட்டீஸ் மெயிலில் வந்து, நீங்கள் பார்க்காமலே விட்டால், நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடலாம். அந்தத் தீர்ப்பை நீதிமன்ற டிக்ரி (தீர்ப்பாணை) போலவே நிறைவேற்ற முடியும். கம்பெனியின் வக்கீல் ஒரு பதில் கடிதம் போடுவார், பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே கடிதம், பெயர் மட்டும் மாறும். அதைப் பார்த்து வங்கி வசூலை நிறுத்தாது, நிறுத்த வேண்டும் என்று சட்டமும் இல்லை.

வீட்டுக்கு வருபவர்களிடம் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். இரண்டும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக ஃபோன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. மிரட்டுவது, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்துவது எதுவும் கூடாது. மீறினால் தேதி, நேரம் குறித்து வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

கையெழுத்து விஷயம்: கார்டு உங்கள் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் அந்தக் கடன் உங்களுடையது ஆகாது. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் கண்டிப்பாகக் கூடாது.

பாலக்கோடு, தக்காளி வியாபாரி: பாதியில் முடித்துக்கொண்டால் சிபில் (கடன் வரலாற்றுப் பதிவு) கெடும் என்கிறார்கள். கம்பெனியோ, அதையும் நாங்களே சரி பண்ணித் தருவோம் என்கிறது.

கெடும். முழுசாகக் கட்டிய கணக்கு 'குளோஸ்டு' என்று நிற்கும், குறைத்து முடித்தது 'செட்டில்டு' என்று நிற்கும். அடுத்து கடன் கொடுக்கப் போகும் மேனேஜர் கண் நேராக அந்த வார்த்தைக்குத்தான் போகும். நானே அப்படித்தான் பார்த்தேன். சமரசத்தில் முடித்தவருக்கு அதே வங்கி மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் இடைவெளி வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. விவசாயக் கடனுக்கு அந்த இடைவெளியை வங்கியே முடிவு செய்யும். நீங்கள் மண்டி வியாபாரத்துக்கு வாங்குவதால் 12 மாதக் கணக்குதான். சீசனுக்குச் சீசன் முதல் புரட்ட வேண்டியவருக்கு ஒரு வருடம் என்பது சும்மா இல்லை.

உண்மையாகப் பதிவான ஒன்றை எந்தக் கம்பெனியும் அழிக்க முடியாது. பின்னால் கையில் பணம் வரும்போது விட்டுக்கொடுத்த மீதியையும் வங்கியில் கட்டி, 'குளோஸ்டு' என்று மாற்றித் தரக் கேட்கலாம், அவ்வளவுதான். பதிவில் தவறு இருந்தால் நீங்களே இலவசமாகப் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. சிபில் உட்பட, கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தருகின்றன. அதற்குக் காசு வாங்குகிறவரிடம் ஏமாறாதீர்கள்.

காவேரிப்பட்டணம், லோடு வண்டி ஓட்டுநர்: வங்கி 46,000க்கு ஒப்புக்கொண்டுவிட்டது என்று கம்பெனி வாட்ஸ்ஆப்பில் கடிதம் அனுப்பியிருக்கிறது. இன்று மாலைக்குள் கட்டச் சொல்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வங்கி லோகோ கொஞ்சம் மங்கலாக, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது போல இருக்கிறது. உங்கள் கார்டின் கடைசி நான்கு இலக்கம் எங்கும் இல்லை. மொத்தப் பாக்கி எவ்வளவு, அதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற விவரம் இல்லை. கையெழுத்துக்குக் கீழே பதவி இல்லை. பணம் கட்ட வேண்டிய இடத்தில் ஒரு தனி ஆள் பெயரில் யு.பி.ஐ. ஐ.டி. இருக்கிறது. அந்த ஒன்றே போதும், கட்டாதீர்கள்.

செட்டில்மென்ட் பணம் போக வேண்டிய இடம் உங்கள் கார்டு கணக்கு மட்டும்தான். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, இப்படி ஒரு கடிதம் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். இதைப் படிப்பதற்குள் கட்டியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு ஃபோன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

அரூர்: பணம் கட்டாவிட்டால் போலீஸ் வந்து பிடித்துப் போகும், எங்களிடம் சேர்ந்தால் தப்பிக்கலாம் என்கிறார்களே?

கார்டு பாக்கி சிவில் விவகாரம். கட்ட முடியாமல் போனதற்காக யாரும் கைது செய்ய மாட்டார்கள். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது நீங்கள் கொடுக்கும் செக்கில்தான். அது பணமில்லாமல் திரும்பினால் கிரிமினல் வழக்கு ஆகும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க ஒப்புதல் கொடுத்துவிட்டு அது திரும்பினாலும் அப்படியே. இந்தக் கம்பெனிகள் சேரும்போதே கேட்பது இந்த இரண்டையும்தான்.

கிருஷ்ணகிரி, செல்போன் கடைக்காரர்: ஐந்து மாதத்தில் 30,000 கட்டிவிட்டேன். இப்போது ஃபோனை எடுப்பதே இல்லை. ரிசர்வ் வங்கியில் புகார் செய்யலாமா?

அங்கே எடுக்க மாட்டார்கள். வங்கி, நிதி நிறுவனம் போல ரிசர்வ் வங்கியின் கீழ் வருபவர்கள் மீதுதான் குறைதீர்ப்பாளர் விசாரிப்பார். இந்தக் கம்பெனிகள் அந்தக் கணக்கில் வராது. உங்கள் வழி நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் பாருங்கள், சில கம்பெனிகள் அந்தப் புகாரைப் பார்த்ததுமே வழிக்கு வரும்.

இன்றே செய்ய வேண்டியது, ஆட்டோபேயை நிறுத்துவது. யு.பி.ஐ. ஆப்பில் நீங்களே நிறுத்தலாம், வங்கி மேண்டேட் (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கக் கொடுத்த ஒப்புதல்) என்றால் கிளையில் எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

பென்னாகரம்: பெங்களூரு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. ஊரில்தான் இருக்கிறேன். இ.எம்.ஐ. கூடக் கட்ட முடியாது. அண்ணன் 60,000 தருவதாகச் சொல்கிறார். பாக்கி 1,30,000. கம்பெனி இல்லாமல் நானே பேசி முடிக்க முடியுமா?

முடியும். உங்கள் நிலைமைக்குச் செட்டில்மென்ட் சரியான வழியும்கூட. 'செட்டில்டு' என்று விழும்தான், ஏழு மாதம் கட்டாததில் ஏற்கெனவே விழ வேண்டிய அடி விழுந்துவிட்டது.

வங்கிக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வேலை போன தேதி, இப்போதைய வருமானம், ஒரே தவணையில் எவ்வளவு கட்ட முடியும், எந்தத் தேதிக்குள். வேலை போன கடிதத்தின் நகலையும் சம்பளம் நின்றது தெரியும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் இணையுங்கள். 60,000 கையில் இருக்கிறது என்பதற்காக 60,000 என்றே ஆரம்பிக்காதீர்கள், 45,000 என்று தொடங்குங்கள். நாங்கள் கடிதங்களைப் பிரிக்கும்போது பத்தில் எட்டு அழுகையாக இருக்கும், தொகையும் தேதியும் இருக்காது. அவை இருக்கும் கடிதம்தான் மேலே போகும். மாதக் கடைசி, குறிப்பாக மார்ச் நெருங்கும் நேரம், வங்கிக்கும் கணக்கை முடிக்கும் அவசரம் இருக்கும்.

கலெக்‌ஷன் ஆள் வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. முதலில் வங்கிக் கடிதம், பிறகு பணம், முடிந்ததும் பாக்கி இல்லை என்ற நோ டியூஸ் சான்று.

வங்கி பிடிவாதம் பிடித்தால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. தர்மபுரியில் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. வழக்கு இன்னும் போடாத நிலையிலும் எடுத்துக்கொள்வார்கள், கட்டணம் கிடையாது, தொலைபேசி 15100. அங்கே முடிவானால் அது டிக்ரிக்குச் சமம், அப்பீல் இல்லை. அதனால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள்.

பர்கூர், பட்டதாரி இளைஞர்: இதே மாதிரி ஒரு கம்பெனியில் டெலிகாலர் வேலை கிடைத்திருக்கிறது. ரிசர்வ் வங்கி அங்கீகாரம் பெற்றது என்று சொல்லச் சொல்கிறார்கள். சேரலாமா?

தம்பி, செட்டில்மென்ட் கம்பெனிக்கென்று ரிசர்வ் வங்கி உரிமம் எதுவும் கொடுப்பதில்லை. ஆக, உங்கள் முதல் வாக்கியமே பொய். அமெரிக்காவில், ஃபோனில் ஆள் பிடிக்கும் கடன் தீர்ப்புக் கம்பெனிகள் ஒரு கடனையாவது முடித்துக் கொடுக்கும் முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2010இலேயே விதி போட்டுவிட்டார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை. உங்கள் மேனேஜரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா, வேலை முடிந்த பிறகு கட்டணம் வாங்கலாமா? இரண்டுக்கும் சரி என்றால் சேருங்கள், எனக்கும் அந்தக் கம்பெனியின் பெயரை எழுதி அனுப்புங்கள்.