'வி.யு.எஸ்.' என்று வந்தால் நோயா?

இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். ஜீன் டெஸ்ட் நாகர்கோவிலில் எடுத்ததோ திருவனந்தபுரத்தில் எடுத்ததோ, குழப்பம் ரிப்போர்ட்டில் மாற்றத்தைப் பற்றிச் சொல்லும் அந்த ஒரு வரியில்தான்.

மார்த்தாண்டம் வாசகர்: வயது 44. பிரஷர் கிடையாது. எக்கோவில் இதயச் சுவர் 19 மில்லிமீட்டர். ஜீன் டெஸ்டில் 'வி.யு.எஸ்.' (பொருள் உறுதியாகாத மாற்றம்) என்று போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இருவருக்கும் அதே டெஸ்டை எடுத்துவிடலாமா?

வேண்டாம். ஜீனில் ஓர் எழுத்து மாறியிருப்பதை லேப் பார்த்துவிட்டது, அது கெடுதலா இல்லையா என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. வி.யு.எஸ்.ஸுக்கு அவ்வளவுதான் பொருள். 2015இல் வந்த அமெரிக்க வழிமுறை மாற்றங்களை ஐந்து படிகளில் வைக்கிறது, இது நடுப்படி. பிள்ளைக்கு அது இருந்தாலும் நோய் வரும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டாலும் நிம்மதி இல்லை. அப்புறம் எதற்குக் காசைக் கொட்டுவது?

உங்கள் நோய் வேறு, அந்த வரி வேறு. பிரஷர் போன்ற காரணம் எதுவும் இல்லாமல் சுவர் 15 மில்லிமீட்டரைத் தொட்டாலே நோய் என்று கொள்கிறோம். ஆகவே பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எக்கோவும் ஈசிஜியும் எடுங்கள். உங்கள் அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ இதே தடிப்பு இருந்தால், அவருக்கு அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது உதவும். நோயும் மாற்றமும் சேர்ந்தே போகின்றன என்று தெரிந்தால் லேப் தன் முடிவை மாற்றலாம். இரண்டு மூன்று வருடம் கழித்து நீங்களே லேபில் ஒருமுறை கேளுங்கள். தானாகச் சொல்லுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

தலைகீழாகவும் நடக்கும். நோய்க்குக் காரணம் என்று முத்திரை குத்திய சில மாற்றங்கள், கறுப்பின அமெரிக்கர்களிடையே சாதாரணமாகவே காணப்படுபவை என்று 2016இல் தெரியவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அந்த மக்களின் தகவல் போதுமான அளவு இல்லாததே காரணம். நம் ஆட்களின் தகவலும் அங்கே குறைவுதான். நமக்கு வி.யு.எஸ். அதிகம் வருவதில் அதற்கும் பங்கு உண்டு.

குலசேகரம் வாசகர்: ரப்பர் பால் வெட்டுகிறேன். ஒரு பேக்கேஜ் டெஸ்டில் 'எம்.ஒய்.பி.பி.சி.3 ஜீனில் 25 எழுத்து குறைவு' என்று வந்தது. மரம் வெட்டவே பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். எம்.ஒய்.பி.பி.சி.3 இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான ஜீன். 2009இல் இந்த மாற்றம் இதய நோயோடு சேர்த்துப் பேசப்பட்டுப் பெரிய செய்தியானது. தெற்காசியர்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இது இருக்கிறது. சராசரிக் கணக்கில், 50 பேர் போகும் தக்கலை பஸ்ஸில் இரண்டு பேர். இது ஒன்றே நோய் தருமென்றால் இதய ஓபி தாங்காது! பிற்பாடு 2018, 2020 ஆய்வுகள் கதையை மாற்றின. இந்தக் குறைவு உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பெரும்பாலும் சந்தேகம் அதன் மேல்தான். அதைப் பார்த்தார்களா என்று லேபில் கேளுங்கள். ஒரு எக்கோ எடுங்கள். அது சரியாக இருந்து, வீட்டில் இளவயதில் யாரும் திடீரென்று இறந்ததில்லை என்றால் வேலைக்குப் போங்கள்.

மணவாளக்குறிச்சி வாசகர்: வீட்டில் மூன்று தலைமுறையாக இந்த நோய். கடற்கரை மணலா காரணம்?

அந்த மணலில் உள்ள மோனசைட் தாதுவில் தோரியம் இருப்பதும், அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் தாத்தா, அப்பா, மகன் என்று இறங்கும் நோய் பெற்றவரிடமிருந்து கைமாறி வருவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த வழக்கில் மணலை விட்டுவிடுங்கள்.

தக்கலை வாசகி: அப்பாவுக்கு நோய் தரும் மாற்றம் உறுதி. எனக்கு இல்லை. வருடா வருடம் எக்கோ வேண்டுமா?

அதே மாற்றத்தைத்தான் தேடினார்கள் என்றால், வேண்டாம்.

குளச்சல் வாசகர்: அப்பாவிடமிருந்து எனக்கும் நோய் தரும் மாற்றம் வந்திருக்கிறது. அத்தை மகளைப் பேசி வைத்திருக்கிறார்கள்.

முதலில் அத்தைக்கு டெஸ்ட். அப்பாவிடம் இருப்பது அத்தையிடமும் இருக்கலாம், அத்தை மகளிடமும். இருவருக்கும் அதே மாற்றம் இருந்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு அது இரட்டையாக வரும். சில மாற்றங்கள் இரட்டையானால் பச்சைக் குழந்தையிலேயே இதயம் தளரும். அத்தையிடம் இல்லையென்றால் அந்தப் பயம் போய்விடும். உங்களிடமிருந்து வரும் பாதி வாய்ப்பு மட்டும், யாரைக் கட்டினாலும் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டு அவளுக்குத் தகவல் சொல்வது சரியில்லை.