பதில்: பக்கத்து வீட்டு மெக்சிகோ அக்காவுக்கு எப்படி உதவுவது?

டெக்சாஸில் உங்கள் பக்கத்து வீட்டு மெக்சிகோ அக்கா தூக்கமின்றி அழுதுகொண்டே இருக்கிறார், ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும், காப்பீடும் இல்லை, பத்து வயது மகள்தான் மொழிபெயர்க்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள்.

எடுத்ததும் 'மனநோய்' என்று ஆரம்பிக்காதீர்கள், பயந்துவிடுவார். அவர்களிடம் 'நெர்வியோஸ்' என்றொரு சொல் உண்டு. கிட்டத்தட்ட நம் 'மனசே சரியில்லை' மாதிரி. அதைச் சொல்லிப் பேச்செடுங்கள்.

அப்புறம், அருகிலுள்ள கம்யூனிட்டி ஹெல்த் சென்டருக்குக் கூட்டிப் போங்கள். ஃபெடரல் நிதி பெறும் மையங்களில் வருமானத்துக்கேற்பத்தான் கட்டணம். பணமில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அங்கே 'ப்ரொமோத்தோரா' இருக்கிறாரா என்று கேளுங்கள். அதே சமூகத்திலிருந்து வந்து, சுகாதாரப் பணிக்குப் பயிற்சி பெற்ற பெண்கள் இவர்கள். நான் பார்த்த ஒருவர், ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போய், சமையலறை மேசையில் ஒரு மணி நேரம் பேரப்பிள்ளைகளைப் பற்றியே பேசிவிட்டு, கிளம்பும்போதுதான் "தூக்கம் வருதா?" என்று கேட்டார். அந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தார்.

மகளை மட்டும் மொழிபெயர்க்க விடாதீர்கள், தயவுசெய்து. பிள்ளை முன்னால் அம்மா எதைச் சொல்வார்? அந்த மையங்களில் இலவச மொழிபெயர்ப்பாளர் கேட்பது அவருடைய உரிமை.

சாவதைப் பற்றிப் பேசினால் காத்திருக்க வேண்டாம். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்து 2-ஐ அழுத்துங்கள். எந்நேரமும் ஸ்பானிஷில் பேசுவார்கள்.