காதல் நகைச்சுவைக்கு மூன்று நாள் போதுமா?

வணக்கம்.

நானும் என் கணவரும் சினிமா பார்ப்பதில் எதிரெதிர்க் கட்சி. அவருக்கு முதல் நாள் முதல் காட்சி. எனக்குப் பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் மருந்து, வீட்டு வேலை எல்லாம் போக, ஒரு படத்துக்குப் போக இரண்டாவது ஞாயிறுதான் வாய்க்கும். சமீபத்தில் ஒரு காதல் நகைச்சுவைப் படம் வந்தது. பார்த்த தோழி நன்றாக இருக்கிறது என்றாள். ஆனால் சனிக்கிழமையே யூடியூபில் "படம் அவுட்" என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் தியேட்டரில் தூக்கிவிட்டு வேறு படம் போட்டுவிட்டார்கள். "லவ் காமெடிக்கெல்லாம் இப்போது கூட்டம் வராது, ஓடிடியில் பார்த்துக்கொள்" என்கிறார் இவர்.

போன மாதம் 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' பார்த்தேன். அந்தப் படம் ஒரு வாரம்கூட வசூலில் முதலிடம் பிடிக்காமல் கோடி கோடியாகச் சம்பாதித்தது என்று படித்தேன். உண்மையா? உண்மையென்றால், ஒரு காதல் நகைச்சுவை ஜெயித்ததா தோற்றதா என்று எதை வைத்து, எப்போது முடிவு செய்வது?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

நீங்கள் படித்தது உண்மை. அந்தப் படத்தின் வசூல் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

படத்தை எழுதி, நாயகியாகவும் நடித்த நியா வர்தலோஸ் கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்த கிரேக்க வம்சாவளிப் பெண். தன் குடும்பத்தையும் கல்யாணத்தையும் வைத்து லாஸ் ஏஞ்சலிஸில் தனி ஆளாக ஒரு நாடகம் போட்டார். அதைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் நடிகை ரீட்டா வில்சன். அவரும் கிரேக்க வம்சாவளி. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார்; கணவர் ஹாலிவுட் நட்சத்திரம் டாம் ஹேங்க்ஸ். படம் அப்படித்தான் தொடங்கியது. கதை நடப்பது சிகாகோவில், எடுத்தது பெரும்பாலும் டொராண்டோவில். செலவு சுமார் 50 லட்சம் டாலர். பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது. இயக்குநர் ஜோயல் ஸ்விக் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் பழுத்தவர்.

2002 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவில் 108 தியேட்டரில் வெளியானது. முதல் மூன்று நாள் வசூல் 5,97,000 டாலர் சொச்சம். இரண்டு வாரம் கழித்து, மே 3-ல் 'ஸ்பைடர்மேன்' வந்தது. அது மூன்றே நாளில் 11 கோடி டாலரைத் தாண்டியது. அதற்கு முன் எந்தப் படமும் முதல் வார இறுதியில் பத்துக் கோடியைத் தொட்டதில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அன்றைக்கு யாராக இருந்தாலும் நம் கிரேக்கக் கல்யாணத்தை மூட்டை கட்டச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் விநியோகம் செய்த ஐஎஃப்சி ஃபிலிம்ஸ் வேறு கணக்கைப் பார்த்தது. 108 தியேட்டர் என்றால் ஒரு தியேட்டருக்குச் சராசரி 5,500 டாலர் வந்திருக்கிறது. சின்னப் படத்துக்கு அது நல்ல கூட்டம். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே போகிறார்கள். அடுத்த வாரமும் அதே தியேட்டரில் கூட்டம் குறையவில்லை. சரி, இன்னும் சில தியேட்டர் சேர்ப்போம் என்று மெல்ல மெல்லக் கூட்டினார்கள். கிரேக்கர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் முதலில் பேச்சைப் பரப்பினார்கள். மே போனது, ஜூன் போனது, ஜூலை போனது. கோடையின் பெரிய படங்களெல்லாம் வந்து ஓடி ஓய்ந்தன. இது மட்டும் தியேட்டர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே இருந்தது. ஆகஸ்ட் கடைசியில், அமெரிக்காவின் தொழிலாளர் தின விடுமுறையில், அதாவது வெளியாகி நான்கு மாதம் கழித்து, தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதுதான் அது தொட்ட உச்சம். தியேட்டர் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியதும் அதற்கப்புறம்தான்.

கடைசியில் அமெரிக்க, கனடா வசூல் மட்டும் 24 கோடி டாலருக்கு மேல். உலகம் முழுக்கச் சேர்த்து 36 கோடியைத் தாண்டியது. முதல் மூன்று நாளில் வந்தது அந்த அமெரிக்க, கனடா மொத்தத்தில் ஆயிரத்துக்கு இரண்டரைப் பங்கு மட்டுமே! முதலிடமே பிடிக்காமல் உள்நாட்டில், அதாவது அமெரிக்கா, கனடாவில், அதிகம் வசூலித்த படம் என்ற பெயர் பல வருடம் அதனிடமே இருந்தது. 2016 கடைசியில் வந்த 'சிங்' என்ற அனிமேஷன் படம்தான் பிறகு அதை முந்தியது.

கூட்டம் ஏன் வந்துகொண்டே இருந்தது? படத்தில் ஒரு காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை கறி சாப்பிடமாட்டான் என்று சொன்னதும் வீடே ஸ்தம்பித்துப் போகிறது. அப்புறம் பெரியம்மா சமாதானமாகச் சொல்கிறாள்: பரவாயில்லை, ஆட்டுக்கறி சமைக்கிறேன். பெண்ணின் அப்பா எந்த நோய்க்கும் கண்ணாடி துடைக்கும் திரவத்தை அடித்துவிடுகிறார். இந்த ஆட்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பார்த்துவிட்டுப் போகிற பெண், "நம்ம பெரியம்மா மாதிரியே ஒருத்தி வர்றா" என்று பெரியம்மாவிடமே சொல்கிறாள். அடுத்த வாரம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறாள். ஒரு டிக்கெட் ஐந்து டிக்கெட் ஆகிறது. காதல் நகைச்சுவையின் உண்மையான விளம்பரம் இந்தப் பேச்சுதான். அந்தப் பேச்சு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர நாள் பிடிக்கும்.

இன்னொரு விஷயம். இதே படத்தின் இரண்டாம் பாகம் 2016-ல் வந்தது. முதல் மூன்று நாள் வசூல் கிட்டத்தட்ட 1.8 கோடி டாலர். முதல் பாகத்தின் தொடக்கத்தைப் போல முப்பது மடங்கு! உங்கள் யூடியூப்காரர்கள் அதைப் பார்த்திருந்தால் தோரணம் கட்டியிருப்பார்கள். ஆனால் உள்நாட்டில் மொத்தமாக அது வசூலித்தது 6 கோடிக்குக் கொஞ்சம் குறைவு, முதல் பாகத்தின் வசூலில் கால் பங்கு. பழைய அன்பில் எல்லோரும் முதல் வாரமே வந்தார்கள். போய் அடுத்தவரை அனுப்பவில்லை. ஒரே குடும்பம், ஒரே நடிகர்கள். தொடக்கத்தைப் பார்த்து முடிவைக் கணிப்பது இந்த வகைப் படத்தில் எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அது அந்தக் காலம், இப்போது நடக்காது என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லக்கூடும். 2023 டிசம்பர் 22-ல் 'எனிஒன் பட் யூ' வந்தது. சிட்னி ஸ்வீனியும் க்ளென் பவலும் நடித்தது, செலவு 2.5 கோடி டாலர். அதே நாளில் 'அக்வாமேன்' இரண்டாம் பாகமும் வந்தது. காதல் படத்துக்கு முதல் வார இறுதியில் கிடைத்தது 60 லட்சம். கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். இரண்டாம் வார இறுதியில் 87 லட்சம் ஆனது. மூன்றாம் வார இறுதியில் 95 லட்சம். வாரா வாரம் பாதியாகக் குறைவதுதான் இன்றைய படங்களின் வழக்கம், இது ஏறியது. படத்தில் வரும் நடாஷா பெடிங்ஃபீல்டின் பழைய பாட்டுக்குத் தியேட்டரிலிருந்து ஆடிக்கொண்டே வெளியே வரும் வீடியோக்களை இளசுகள் டிக்டாக்கில் போட்டார்கள். மேலே நான் சொன்ன பெரியம்மா பேச்சு கைப்பேசிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். உள்நாட்டில் 8.8 கோடி, உலகம் முழுக்க 22 கோடி என்று முடிந்தது.

ஆக, கூட்டம் வராது என்பது சரியில்லை. தாமதமாக வரும் என்பதுதான் சரி. சண்டைப் படத்துக்கும் நட்சத்திரப் படத்துக்கும் முதல் நாள் வருபவர் யார்? ரசிகர். அவருக்கு அந்த நாளே முக்கியம். முன்பதிவு செய்து, லீவு போட்டு வருவார். காதல் நகைச்சுவைக்கு வருபவர்கள் ஜோடியாக வரவேண்டும், அல்லது தோழிகள் நாலு பேர் சேரவேண்டும், அல்லது அம்மாவும் மகளும் நேரம் ஒத்துப்போகவேண்டும். யாராவது ஒருவர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் வேண்டும். இவ்வளவும் கூடிவர ஒரு வாரமாவது ஆகும். உங்கள் கடிதத்தின் முதல் பத்தியே அதைத்தான் சொல்கிறது.

அதற்காக, பொறுமையாக வைத்திருந்தால் எல்லாப் படமும் ஓடிவிடும் என்று சொல்லமாட்டேன். 2022-ல் 'ப்ரோஸ்' என்ற காதல் நகைச்சுவை வந்தது. விமர்சனங்கள் நன்றாக இருந்தன, பார்த்தவர்களுக்கும் பிடித்திருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தியேட்டரில் ஒரே நாளில் திறந்தார்கள். மூன்று நாளில் 48 லட்சம் டாலர் வந்தது. மொத்த உள்நாட்டு வசூல் 1.2 கோடியைக்கூடத் தொடவில்லை. செலவு 2.2 கோடி. அந்தப் படத்துக்கு நட்சத்திர பலமும் இல்லை, பேச்சு பரவ நேரமும் கிடைக்கவில்லை. இருநூறு தியேட்டரில் தொடங்கியிருந்தால் பிழைத்திருக்குமா என்பதை நிரூபிக்க முடியாது. ஆனால் காலி நாற்காலிகளோடு தொடங்கிய படத்தை எந்தத் தியேட்டர்காரரும் இரண்டாம் வாரம் வைத்திருக்க ஆசைப்படமாட்டார். என் கருத்தில் காதல் நகைச்சுவைக்கு அதிகத் திரைகளில் ஒரே நாளில் திறப்பது நல்லது செய்வதில்லை. ஆயிரம் பேர் ஆயிரம் தியேட்டரில் சிதறி உட்கார்ந்தால் அது தோல்வி போலத் தெரியும். அதே ஆயிரம் பேர் ஐந்து தியேட்டரில் உட்கார்ந்தால் ஹவுஸ்ஃபுல். சிரிப்புக்குப் பக்கத்து நாற்காலியில் ஆள் வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

இப்போது உங்கள் ஊர் தியேட்டருக்கு வருகிறேன். நம் ஊரிலும் அமெரிக்காவிலும் பங்கு பிரிக்கும் முறையில் ஒரு பொது அம்சம் உண்டு. முதல் வாரம் டிக்கெட் பணத்தில் விநியோகஸ்தருக்குப் பெரும்பங்கு போகும். வாரம் ஏற ஏறத் தியேட்டர்காரரின் பங்கு கூடும். அதாவது, நான்காவது வாரமும் ஓடுகிற படம்தான் தியேட்டர்காரருக்கு நிஜமான லாபம். பாப்கார்ன், காபி விற்பனை வேறு. அப்படியிருந்தும் செவ்வாய்க்கிழமையே தூக்குகிறார்கள் என்றால் காரணம், ஒவ்வொரு வெள்ளிக்கும் நாலைந்து படம் வரிசையில் நிற்கிறது. இன்னொரு பக்கம் பல தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. கிரேக்கக் கல்யாணம் வீட்டுத் திரைக்கு வர அடுத்த வருடம் பிறக்கவேண்டியிருந்தது; அதுவரை பார்க்க ஆசைப்பட்டவர் தியேட்டருக்குத்தான் போயாகவேண்டும். இன்று தோழி சொல்லி நீங்கள் கிளம்புவதற்குள் "இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே" என்று ஆகிவிடுகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். மெல்ல ஏறும் படத்துக்கு ஏணியின் பாதியில் படிகளைப் பிடுங்கிவிடுகிறோம்.

எப்போது முடிவு செய்வது என்று கேட்டீர்கள். நான் பார்ப்பது இரண்டு நாட்கள். ஒன்று, முதல் திங்கள்: வெள்ளிக்கிழமை வந்ததில் பாதிக்கு மேல் திங்களும் வந்தால் படம் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். இன்னொன்று, இரண்டாவது சனிக்கிழமை: முதல் சனியின் பக்கத்தில் நின்றால் அந்தப் படத்தை யாரும் தொடக்கூடாது. மொத்த வசூலைச் செலவோடு வைத்துப் பார்ப்பதும் முக்கியம். வசூலில் சுமாராகப் பாதி தியேட்டர்களுக்கே போகும், விளம்பரச் செலவு தனி. 36 கோடி டாலர் வசூலித்த படத்திலேயே, லாபத்தில் தங்களுக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்று படத்தின் தயாரிப்பில் பங்கெடுத்த டாம் ஹேங்க்ஸின் நிறுவனமும் நியா வர்தலோஸும் 2007-ல் வழக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கெல்லாம் சனிக்கிழமை வீடியோவில் வராது.

ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை தோழி ஒரு படத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னால், திங்கட்கிழமையே தியேட்டருக்குப் போன் போட்டு, "ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி இருக்குமா, ஆறு பேர் வருகிறோம்" என்று கேளுங்கள். எந்தப் படத்தை எத்தனை காட்சி ஓட்டுவது என்று வாரத்தின் நடுவில் முடிவெடுக்கும் மேலாளருக்கு, இப்படி நாலு பேர் கேட்டாலே ஒரு காட்சியை விட்டுவைக்கத் தோன்றும். அப்புறம், அந்த ஞாயிறு உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.