பாவமே பண்ணாலும் எங்க லிமிட்ல பண்ணு! – வாசகர் கேள்வி பதில்

அண்ணே, போன இதழ்ல பழைய ஓவியங்களை வெட்டி ஒட்டி செஞ்ச ஒரு கேம்னு ஒத்த வரி எழுதிட்டு விட்டுட்டீங்க. அது என்ன கேம், கதை என்ன? – வாசகர், திண்டுக்கல்

'ஃபோர் லாஸ்ட் திங்ஸ்', தம்பி. 2017ல வந்தது, ஜோ ரிச்சர்ட்சன்னு ஒரு பிரிட்டிஷ்காரர் கிட்டத்தட்ட தனியாளா செஞ்சது. ஹீரோ நிறைய பாவம் பண்ணவன், நரக பயம் வந்து மன்னிப்பு கேக்க சர்ச்சுக்கு ஓடுறான், அங்க இருக்கற பெரியவங்க எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு "இதெல்லாம் நீ வேற ஏரியால பண்ணது, எங்க அதிகாரத்துக்குள்ள வராது, நாங்க எப்படி மன்னிக்கிறது"ங்கறாங்க. செயின் அறுத்தவன் எந்தப் பக்கம் ஓடினான்னு கேட்டுட்டு "அது எங்க ஸ்டேஷன் லிமிட் இல்லையே"ம்பாங்க பாருங்க, அதேதான். சரி, வேற என்ன பண்றது, கிறிஸ்தவத்துல பெரிய பாவம்னு சொல்ற ஏழையும் இந்த ஊர் எல்லைக்குள்ளயே புதுசா ஒருதடவை பண்ணிட்டு வந்து மன்னிப்பு வாங்கிக்கலாம்னு கிளம்பிடுறான். அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம் (அதாவது பொறாமை), சோம்பல்னு ஒவ்வொண்ணும் ஒரு புதிர். பாக்குறது, பேசுறது, கிடைச்சதை எடுத்து எங்கயாவது யூஸ் பண்ணிப் பாக்குறது, விளையாட்டு இவ்ளோதான்.

சார், நான் ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவன். இந்த கேம் சாமியைக் கிண்டல் பண்ணுதா? – வாசகர், வேளாங்கண்ணி

என் கணக்குல சாமியை இல்ல சார், சாமி பேர்ல ஆபீஸ் நடத்துறவங்களை. அந்தக் கிண்டலும் புதுசு கிடையாது. பாவ மன்னிப்புச் சீட்டு காசுக்கு வித்ததைக் கண்டிச்சு மார்ட்டின் லூதர் எழுதினது 1517ல, அதுக்கு முந்தின வருஷம் செத்துப்போனவர்தான் போஷ்ங்கற ஓவியர். கேமோட பேரே அவர் வரைஞ்சதா சொல்ற ஒரு படத்துலருந்து எடுத்தது, அவரா அவர் பட்டறை ஆளான்னு இன்னும் சண்டை ஓடுது. மாட்ரிட் பிராடோ மியூசியத்துல இருக்கு. நடுவுல பெரிய கண்ணு, கண்மணிக்குள்ள ஏசு, அதுக்குக் கீழ லத்தீன்ல 'ஜாக்கிரதை, ஜாக்கிரதை, கடவுள் பாக்குறார்', சுத்தி ஏழு பாவம், நாலு மூலையில கேம் பேர்ல வர்ற அந்த 'கடைசி நாலு' – மரணம், தீர்வை (அதாவது கடவுளோட தீர்ப்பு), மோட்சம், நரகம். அந்த சோம்பல் காட்சியை ஒருதடவை பெருசாக்கிப் பாருங்க, ஒருத்தன் குளிர்காயுற அடுப்புப் பக்கத்துல சுகமா தூங்கறான், ஜெபமாலையோட ஒரு அம்மா வந்து நிக்குது, அவன் கண்ணே தொறக்கல. 500 வருஷத்துக்கு முன்னாடி சர்ச்சை மதிச்ச ஆளுங்களே பாத்து சிரிச்சிருப்பாங்க, ரிச்சர்ட்சன் அந்த சிரிப்புக்கு வாயசைவும் வசனமும் போட்டிருக்கார், அவ்ளோதான். ஆனா இதோட ரெண்டாவது பாகமான 'ப்ரொசெஷன் டு கால்வரி'ல சிலுவைப்பாடு வரைக்கும் கை வைக்கிறார், அது எல்லாருக்கும் ஒத்துக்காது, தவக்காலத்துல மட்டும் தொடாதீங்க.

எட்டாவது படிக்கிற பையனுக்கு வாங்கிக் குடுக்கலாமா? – வாசகி, கோவை

வேணாம்மா. அந்தக்கால ஓவியத்துல துணி கம்மி, இந்தக்கால வசனத்துல மரியாதை கம்மி, ரத்தம் வேற.

அடுத்தவங்க ஓவியத்தை எடுத்து காசு பாக்குறது திருட்டு இல்லையா? – வாசகர், சேலம்

இல்லைங்க. வரைஞ்சவங்க போய்ச் சேர்ந்து நூத்துக்கணக்கான வருஷம் ஆச்சு, காப்பிரைட் ஏது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் மாதிரி இடங்கள் பெரிய சைஸ்ல படத்தை இலவசமாவே நெட்ல போட்டு வச்சிருக்கு. திருடக்கூடிய சாமான்னா அது வெட்டி ஒட்டி ஆட்டுற ஸ்டைலு, அது மான்டி பைத்தான்ங்கற பிரிட்டிஷ் காமெடி குழுவுல டெர்ரி கில்லியம் பண்ணது, தெரிஞ்சேதான் எடுத்திருக்கார், அதை ஒளிக்கவும் இல்ல. எனக்கு ஆச்சரியம் எங்கன்னா வேற வேற ஆள் வேற வேற நூற்றாண்டுல வரைஞ்ச தலை, கை, மரம், மாடு எல்லாம் ஒரே சீன்ல நிக்கும்போது ஒட்டு தெரியல, ஏதோ ஒரே கிறுக்கன் வரைஞ்ச ஊர் மாதிரியே இருக்கு.

'ப்ரொசெஷன் டு கால்வரி' ஆடிட்டிருக்கேன் அண்ணே, ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். பேசாம கத்தியை உருவிடவா? – வாசகர், தூத்துக்குடி

உருவலாம், கேமே அதுக்கு வழி விட்டிருக்கு, அதான் அதோட குசும்பு. 2020ல வந்த இதுல ஹீரோயின் சண்டை முடிஞ்சிடுச்சே, இனிமே கொலை பண்ணக்கூடாதாமேன்னு துக்கப்படுற ஜாதி, ஊரை விட்டு ஓடிப்போன பழைய கொடுங்கோலன் ஹெவன்லி பீட்டரைக் கொல்றதுக்கு மட்டும் எப்படியோ பர்மிஷன் வாங்கிட்டுக் கிளம்புறா. வழியில புதிர் வரலன்னா எதிர்ல நிக்கறவனைக் குத்திட்டுத் தாண்டிப் போயிடலாம், ஒருத்தரும் தடுக்க மாட்டாங்க, ஆனா கணக்கு கடைசில வரும். அதனால முதல் தடவை குத்தாம முடிங்க, அப்புறம் ஆசை தீர குத்துங்க. நடுவுல இந்த கேமுக்குப் பேர் குடுத்த ஒரிஜினல் ஓவியத்தையும் ஒருதடவை பாத்துடுங்க, பிரூகல்ங்கற ஓவியர் 1564ல வரைஞ்சது, வியன்னாவுல இருக்கு. சிலுவை சுமக்கிற ஏசு கூட்டத்துக்கு நடுவுல ரொம்பச் சின்னதாத்தான் இருப்பார், தேடணும், சுத்தி நிக்கற சனம் ஏதோ திருவிழா பாக்க வந்தாப்ல இருக்கும். கேம்ல பின்னாடி நிக்கற ஆளுங்களை கிளிக் பண்ணா ஏன் அவ்ளோ அசட்டையா பதில் சொல்றாங்கன்னு அப்பப் புரியும்.

மூணாவது பாகம், 2024ல வந்த 'டெத் ஆஃப் த ரெப்ரொபேட்'ல சாகக் கெடக்கற அப்பன் சொத்து வேணும்னா மகன் ஏழு நல்ல காரியம் பண்ணியாகணும். பாவத்தை விட அது ரொம்ப கஷ்டமா இருக்கு தம்பி, நான் இன்னும் முடிக்கல.